பதினைந்து வயசுப் பிள்ளைக்கு வின்டேஜ் கிட்டார்: வாங்கலாமா, வேண்டாமா?

கேள்வி: மே 11, 2024

நான் குவைத்தில் நர்ஸ். சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கம். அண்ணன் மகளுக்கு நேற்று பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது, நல்ல மார்க். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கித் தருகிறேன் என்று போன வருஷமே வாக்குக் கொடுத்துவிட்டேன், இனி தப்ப முடியாது. புதுசு வேண்டாமாம், வின்டேஜ்தான் வேண்டுமாம். இங்கே என்னோடு வேலை பார்க்கிற பிலிப்பினோ ஒருவரிடம் 1978-இல் ஜப்பானில் செய்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரி ஒன்று இருக்கிறது. 200 தினார் சொல்கிறார். பழசாக ஆக விலை ஏறும், பிள்ளைக்கு ஒரு சேமிப்பாகவும் இருக்கும் என்கிறார். எனக்கு கிட்டாரில் ஒன்றும் தெரியாது. ஜூன் கடைசியில் லீவில் வருகிறேன். வாங்கலாமா?

பதில்: மே 11, மதியம்

அக்கா, சேமிப்பு என்கிற பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். விலை ஏறுகிற பழைய கிட்டார் சின்னக் கூட்டம்தான். ஸ்ட்ராட்டோகாஸ்டர், சுருக்கமாக ஸ்ட்ராட், அமெரிக்காவின் ஃபெண்டர் கம்பெனி மாடல். அந்தக் கம்பெனியை 1965 ஜனவரியில் சி.பி.எஸ். என்கிற டி.வி. கம்பெனி வாங்கியது; அதற்கு முன்னால் செய்தவற்றுக்குத் தனி மரியாதை. இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான கிப்ஸனின் லெஸ் பால் மாடல் என்றால் 1958 முதல் 1960 வரை வந்த சன்பர்ஸ்ட் நிறப் பூச்சு உள்ளவை. இந்த ரகம் வீடு வாங்குகிற விலைக்குப் போகும், அதைவிட அதிகத்துக்கும் போகும். 200 தினார், அதாவது நம்ம காசில் சுமார் 54,000 ரூபாய்க்கு வருகிற 1978 காப்பி அந்தக் கூட்டத்தில் இல்லை. அது வாசிப்பதற்கான பொருள். வாசிக்க நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

ஜப்பான் காப்பி என்றதும் மட்டமாக நினைக்கவும் வேண்டாம். அந்தக் காலத்தில் டோக்காய், கிரெக்கோ, ஐபனீஸ் எல்லாம் அமெரிக்கக் கம்பெனிகளுக்குத் தலைவலி கொடுத்தவை. 1977-இல் கிப்ஸனின் தாய் நிறுவனம், ஐபனீஸின் அமெரிக்க விநியோகஸ்தர் மேல் ஹெட்ஸ்டாக் (கம்பியை முறுக்குகிற தலைப்பகுதி) வடிவத்துக்காக வழக்கே போட்டது. ஃபெண்டர் 1982-இல் தானே ஜப்பானில் ஒரு கம்பெனி தொடங்கி அங்கேயே செய்ய ஆரம்பித்தது. ஆக, நாடு நல்ல நாடு. ஆனால் அதே காலத்தில் அதே நாட்டிலிருந்து ஒட்டுப்பலகையில் செய்த குப்பையும் கப்பல் கப்பலாக வந்தது.

அவரிடம் இதெல்லாம் கேட்டு வாங்குங்கள்: நெக்கை, அதாவது கிட்டாரின் கழுத்தை, பக்கவாட்டில் எடுத்த படம், பின்னால் நெக் உடம்போடு சேருகிற இடம், ஃப்ரெட்டுகளின் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) கிட்டப்படம். அப்புறம் ஒவ்வொரு கம்பியிலும் முதல் ஃப்ரெட்டிலிருந்து கடைசி வரை ஒவ்வொன்றாக வாசித்து ஒரு வீடியோ. பாட்டு வாசிக்க வேண்டாம். பாட்டு வாசித்தால் நல்ல இடமாகப் பார்த்து வாசித்துவிடுவார்.

மே 11, இரவு

பிளஸ் ஒன் சேருகிற பிள்ளைக்கு கிட்டாரா, நீட் கோச்சிங்கில் சேர்க்கச் சொல்லு என்று இங்கே மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு வேறு இழை தொடங்கிக்கொள்ளுங்கள் மக்களே.

கீபோர்டு வாங்கிக் கொடுத்தால் கல்யாண வீடு, கிறிஸ்துமஸ் கேரல், கானமேளா எல்லாவற்றிலும் பிழைத்துக்கொள்ளும் என்கிறார் தக்கலைக்காரர். உண்மை, நம்ம மாவட்டத்தில் கீபோர்டுக்காரன் பட்டினி கிடந்ததில்லை. ஆனால் பிள்ளை கேட்டது கிட்டார்.

மே 13

வீடியோ வந்தது. பார்த்தேன், திரும்பவும் பார்த்தேன். வேண்டாம் அக்கா.

காரணம் சொல்கிறேன், அடுத்தது பார்க்கும்போது உங்களுக்கும் உதவும். நெக்கை உடம்போடு பிடித்திருப்பது மூன்று திருகு. 1971 வாக்கில் ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் நான்கை மூன்றாக்கியது. 1981 வரைக்கும் அப்படியே ஓடியது. அதைப் பார்த்து ஜப்பான்காரர்களும் அப்படியே காப்பி அடித்தார்கள். மூன்று திருகு என்பதால் மட்டும் தள்ளவேண்டியதில்லை, துல்லியமாக வெட்டியிருந்தால் அதுவும் நிற்கும். இதில் குழி அகலமாக வெட்டியிருக்கிறது. நெக்குக்கும் உடம்புக்கும் நடுவே பக்கவாட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும். அவர் நெக்கை லேசாக அழுத்தும்போது முதல் கம்பி ஓரத்துக்குப் போய் ஃப்ரெட்டை விட்டு நழுவுவது வீடியோவிலேயே தெரிகிறது.

இரண்டாவது, நெக் முன்னால் வளைந்திருக்கிறது. கம்பிகளின் இழுவைக்கு எதிராக நெக்குக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடும், ட்ரஸ் ராட். ஆறாவது கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் சேர்த்து அழுத்திப் பிடித்தால், ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கடியில் ஒரு தாள் நுழைகிற இடைவெளி இருக்க வேண்டும். இதில் தீக்குச்சியே நுழைகிறது. சரி, ராடைத் திருகி நிமிர்த்தலாமே என்றால், அவர் பாவம் நேர்மையான மனுஷன், திருகிக் காட்டினார். ராடின் திருகுமுனை கடைசிவரை இறுகிவிட்டது. இனி திருக இடமில்லை. நாற்பத்தைந்து வருஷமாக யார் யாரோ திருகித் திருகி முடித்துவிட்டார்கள்.

மூன்றாவது, முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி பதிந்த பள்ளம், மற்றதெல்லாம் தலை தட்டை. கொத்தாத அம்மியில் அரைக்கச் சொல்லிப் பிள்ளையிடம் கொடுக்கிற கதைதான். ஃப்ரெட் முழுவதும் மாற்ற வேண்டும், அதற்கு முன் நெக்கை நிமிர்த்த வேண்டும். அந்தச் செலவில் நல்ல புது கிட்டார் ஒன்று வந்துவிடும்.

ரீஃப்ரெட்டை யாரிடமும் கொடுத்துவிடவும் முடியாது. ஒரு கடையில் (ஊரைச் சொல்லமாட்டேன்) என் கிட்டாரின் ஃப்ரெட்டை உப்புத்தாள் போட்டு இழுத்து எல்லாவற்றையும் சமமாக்கித் தந்தார்கள். சமம்தான். மேலே இருந்த வளைவு போய் தண்டவாளம் ஆகிவிட்டது. நான் இப்போது ரீஃப்ரெட் என்றால் திருவனந்தபுரத்துக்குத்தான் அனுப்புகிறேன்.

மே 14

மார்த்தாண்டம் நண்பர் எழுதியிருக்கிறார்: உள்ளே வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழுக்கு அடியில் இருக்கிற பாகம்) முதுகில் எண் இருக்கும், அதைப் பார்த்தால் வருஷம் தெரிந்துவிடும் என்று. பாதி சரி. அது அமெரிக்காவில் செய்த பாட்களுக்கு. உதாரணமாக 1377633 என்று இருந்தால் 137 என்பது சி.டி.எஸ். கம்பெனி, 76 என்பது 1976, 33 என்பது முப்பத்துமூன்றாவது வாரம். ஜப்பானில் செய்த பாட்களில் இந்தக் கணக்கைப் போட்டால் கிட்டார் எந்த நூற்றாண்டுக்கும் போகும். அமெரிக்கக் கிட்டாரிலும், பாட் அசல் என்றால், அந்தத் தேதிக்கு முன்னால் செய்திருக்க முடியாது என்பது மட்டும்தான் தெரியும். பாட் கடையில் வருஷக்கணக்கில் கிடந்திருக்கலாம். பின்னால் யாராவது மாற்றியும் இருக்கலாம்.

மே 18

பிள்ளையை அவள் அப்பா ஸ்கூட்டரில் என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஆச்சரியப் பரிசு கொடுக்கிறேன் என்று ரகசியமாக வாங்குகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: கிட்டாரில் ரகசியம் வேண்டாம், செருப்பைக்கூட அளவு பார்த்துத்தானே வாங்குகிறோம்.

வந்ததும் சுவரில் தொங்குகிற ஸ்ட்ராட் மேல்தான் கண். கையில் எடுத்தாள், உட்கார்ந்தாள், இடது தோள் கீழே இறங்கிவிட்டது. கனம். பழைய எழுபதுகளின் ஸ்ட்ராட்டுகள் பலவும் நாலு கிலோவைத் தொடும். லெஸ் பால் அதையும் தாண்டும். கோயில் கொயரில் ஒன்றரை மணிநேரம் நின்று வாசிக்கப்போகிற பிள்ளை இது.

அப்புறம் நீளம். நட் (நெக்கின் தலைப்பக்கம் கம்பியைத் தாங்குகிற துண்டு) முதல் பிரிட்ஜ் (உடம்பின் மேல் கம்பியைத் தாங்குகிற பாகம்) வரை கம்பியின் நீளத்தை ஸ்கேல் என்கிறோம். ஃபெண்டர் ஸ்ட்ராட்டில் 25.5 அங்குலம், கிப்ஸனில் 24.75. முக்கால் அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். சுட்டுவிரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்துகிற எஃப் பாரே கார்டு பிடிக்கச் சொன்னேன். ஸ்ட்ராட்டில் சுட்டுவிரல் நடுங்கியது, இரண்டாவது கம்பி செத்தது. என்னிடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க 24 அங்குல ஸ்கேலில் ஒரு மலிவான கிட்டார் கிடக்கிறது. அதில் அதே எஃப் கார்டு ஆறு கம்பியும் கேட்டது. அவளே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

இன்னொரு சோதனையும் வைத்தேன். வின்டேஜ்தான் சத்தம் என்கிறாளே. ஸ்ட்ராட்டில் பதினைந்தாவது ஃப்ரெட்டில் முதல் கம்பியை மேலே தள்ளி வளைக்கச் சொன்னேன். முக்கால் வழியில் சத்தம் கட். திரும்ப வளைத்தாள், திரும்பவும் கட். ஃப்ரெட்போர்டின் மேல்பரப்பு தட்டையில்லை, ஒரு வட்டத்தின் துண்டு. பழைய ஃபெண்டரில் அந்த வட்டத்தின் ஆரம் 7.25 அங்குலம், நல்ல முதுகு. கார்டு பிடிக்கச் சுகம். ஆனால் ஆக்‌ஷனைத் (ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி நிற்கிற உயரம்) தாழ்த்தி வைத்து கம்பியை வளைத்தால், வளைகிற கம்பி முதுகின் மேட்டுக்கு வரும்போது அடுத்த ஃப்ரெட்டில் முட்டிச் செத்துவிடும். பின்னால் வந்தவற்றில் 9.5, 12 என்று தட்டையாக்கிக்கொண்டே போனதற்கு இதுவும் ஒரு காரணம். வின்டேஜ் அளவில் அசலாகச் செய்தது என்று பெருமையாகப் போட்டு விற்பார்கள். வளைத்து வாசிக்கிற பிள்ளைக்கு அந்த அசல்தான் இடைஞ்சல்.

"அப்போ நான் கேட்கிற பாட்டில் எல்லாம் எப்படி வளைக்கிறாங்க மாமா?" என்றாள். ஆக்‌ஷனை உயர்த்தி வைப்பார்கள், இல்லையென்றால் ஃப்ரெட்போர்டைத் தேய்த்துத் தட்டையாக்கியிருப்பார்கள் என்றேன். "அப்போ அது வின்டேஜ் இல்லையே" என்றாள். கெட்டிக்காரி.

மே 19

நேற்று அவள் கேட்டதை நினைத்துக்கொண்டே இருந்தேன். அது இந்த இழைக்கே வேண்டிய கேள்வி.

பழைய கிட்டார் விற்கிற உலகத்தில் அசல் என்பது சாமி. அசல் பெயின்ட், அசல் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச் சுருள்), அசல் ட்யூனிங் கீ, பிரிக்காத சால்டர். பெயின்ட்டை உரித்துப் புதுசாக அடித்திருந்தால் விலை ஏறக்குறைய பாதி என்பது வியாபாரிகள் கணக்கு. கீ மாற்றியிருந்தால், ரீஃப்ரெட் செய்திருந்தால், கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் இறங்கும்.

ஆனால் பதினைந்து வயசுப் பிள்ளை அசலை வைத்து என்ன செய்யும்? அவள் ஸ்டிக்கர் ஒட்டுவாள், பிக்கப் மாற்றிப் பார்ப்பாள், கேரல் ரவுண்ட்ஸில் வேன் கதவில் இடிப்பாள். அசல் பொருளைக் கையில் கொடுத்துவிட்டு அதைத் தொடாதே, இதை மாற்றாதே என்று பின்னாலேயே நடக்க வேண்டிவரும். அவளுக்குத் தேவை ஏற்கனவே எல்லாம் மாற்றி முடித்த பழசு. சேகரிக்கிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற கிட்டார். வாசித்துப் பிழைத்த ஒருவர் தன் கைக்காசைப் போட்டு ஃப்ரெட் மாற்றி, கீ மாற்றி, ஜாக் மாற்றி வைத்திருப்பார். விற்கும்போது அந்தச் செலவு விலையில் ஏறாது, கழியும்.

13-ஆம் தேதி எழுதியதில் நல்ல புது கிட்டார் வாங்குங்கள் என்கிற தொனி இருந்தது. அதைத் தளர்த்திக்கொள்கிறேன். பழசு மேல் அவளுக்கிருக்கிற ஆசையைத் திருத்த வேண்டியதில்லை. எனக்கு முதலில் கிடைத்தது கொல்கத்தாவில் செய்த ஒன்று, புத்தம்புதுசு, பாலிஷ் மின்னும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கடியில் சுண்டுவிரல் நுழையும். அதை வைத்துக்கொண்டு கானமேளாவில் விடிய விடிய வாசித்தோம், விரல் நுனி தோல் உரிந்து கிடக்கும். புதுசு என்பதில் ஒரு சிறப்பும் இல்லை. செட்டப்தான் கிட்டார், அதாவது நெக்கையும் கம்பி உயரத்தையும் சரியாக வைப்பது.

அக்கா, அங்கே பிலிப்பினோ பேண்டுக்காரர்களிடம் விசாரியுங்கள். ஹோட்டலில் வாசிப்பவர்கள். 24 அங்குலம், ரீஃப்ரெட் ஆனது, எது மாற்றியிருந்தாலும் பரவாயில்லை என்று சொல்லுங்கள். முடிந்தால் ஃபெண்டர் மஸ்டாங்.

மே 20

மஸ்டாங் என்றால் என்ன என்று கேட்டவருக்கு: 1964-இல் ஃபெண்டர் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்காகவே கொண்டுவந்த மாடல். 24 அங்குலம், 22.5-இலும் வந்தது. மாணவர் கிட்டார் என்பதால் ரொம்ப காலம் அதற்கு மவுசு இல்லை. எண்பதுகளின் கடைசியில் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்ததால்தான் காசில்லாத பேண்டுப் பையன்கள் கையில் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க ராக் பேண்டு நிர்வாணாவின் கர்ட் கோபேன் 1969 மஸ்டாங் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார், அதோடு விலை ஏறிவிட்டது.

பிள்ளைக்கு இதைச் சொன்னேன். கோபேன் பெயரைக் கேட்டதும் ஸ்ட்ராட் மறந்துபோச்சு.

மே 26

கிடைத்துவிட்டது! அக்கா அனுப்பிய படங்களை வைத்துச் சொல்கிறேன். மஸ்டாங், நெக்கின் அடியில் மேட் இன் ஜப்பான். ஃபெண்டர் 1997 வாக்கில் அந்த வாசகத்தை கிராஃப்டட் இன் ஜப்பான் என்று மாற்றியது, ஆக பெரும்பாலும் அதற்கு முந்தியது. ட்யூனிங் கீ ஆறும் வேறு. பிக்கார்டு (உடம்பின் மேல் இருக்கிற பிளாஸ்டிக் தகடு) வேறு. பின்பக்கம் பெல்ட் கொக்கி உரசி, உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் போய் மரம் தெரிகிறது. ரீஃப்ரெட் செய்தபோது ஃப்ரெட்போர்டை 9.5 ஆரத்துக்குத் தேய்த்திருக்கிறார்கள். அசல் பைத்தியம் பிடித்த ஒருவர் பார்த்தால் அழுதுவிடுவார். நான் சிரித்தேன். 180 தினார்.

வீடியோவில் எல்லா ஃப்ரெட்டும் கேட்டது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்புகிற ஹார்மோனிக்கும் அழுத்தி வாசிப்பதும் ஒரே சுதியில் நிற்கின்றன. ட்ரஸ் ராடு இரண்டு பக்கமும் திரும்புகிறது. வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மே 27

தொண்ணூறுகளில் செய்தது எப்படி வின்டேஜ் ஆகும் என்று சண்டை. இருபத்தைந்து வருஷமா முப்பதா என்று அடித்துக்கொள்ளுங்கள். வாசிக்கப்போகிறவள் பிறப்பதற்கு முன்னால் செய்தது, அவளுக்கு அது போதுமாம்.

ஜூன் 2

கொண்டுவருவது பற்றி. நாலைந்து பேர் கேட்டதால் சேர்த்து எழுதுகிறேன்.

ஃபெண்டர் வகையில் நெக் திருகினால் பிடித்தது, ஒட்டியதில்லை. கம்பியைக் கழற்றி, நாலு திருகை எடுத்தால் இரண்டு துண்டு. துணிகளுக்கு நடுவே சூட்கேஸில் போய்விடும். திருகுகளை ஒரு கவரில் போட்டு கிட்டார் உடம்போடு ஒட்டுங்கள், இல்லையென்றால் சேலை மடிப்பில் தேடவேண்டி வரும். பிரிட்ஜைத் தனியாகச் சுற்றுங்கள், மஸ்டாங்கில் அது குழியில் சும்மா உட்கார்ந்திருக்கும், கவிழ்த்தால் விழுந்துவிடும். கிப்ஸன் வகை என்றால் நெக் ஒட்டியது, கழற்ற முடியாது. ஹார்ட் கேஸில்தான் வரவேண்டும், ஹெட்ஸ்டாக்குக்கு அடியில் துணி சுருட்டி வைத்து. கிப்ஸன் உடைந்தால் அந்த இடத்தில்தான் உடையும்.

கஸ்டம்ஸ்: திரும்பி வருகிறவர்களுக்கு இந்த 2024 கணக்கில் 50,000 ரூபாய் வரை வரியில்லை. 180 தினார் அதற்குள் ஒட்டி ஒட்டி வருகிறது. அக்கா வழக்கமாகக் கொண்டுவருகிற மற்ற சாமான்களும் அதே கணக்கில்தான் சேரும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விற்றவரிடம் கையெழுத்துப் போட்டு ஒரு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மரம். ஃப்ரெட்போர்டு ஈட்டி மரம், ரோஸ்வுட். இதில் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு 1992 முதல் சைட்டீஸ் (அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற உலக ஒப்பந்தம்) மிகக் கடுமையான பட்டியல். அறுபதுகளின் அமெரிக்கக் கிட்டாரை அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுபோனால் வம்பு. மற்ற ரோஸ்வுட் வகைகளையும் 2017-இல் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள், இசைக்கலைஞர்கள் புலம்பித் தள்ளினார்கள், 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு. ஜப்பான் மஸ்டாங்குக்குப் பிரச்சினை இல்லை.

பிரேசில் மரம் தட்டுப்பாடானபிறகு உலகத்துக் கிட்டார்களில் பாதி நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டியில்தான் ஓடியது என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். பாதி என்பது கொஞ்சம் அதிகம் வோய். ஆனால் அமெரிக்காவின் மார்ட்டின் கிட்டார் கம்பெனி 1969-இல் இந்திய ஈட்டிக்கு மாறியது உண்மை. நம்ம பக்கம் தாத்தா காலத்துக் கட்டிலில் இருக்கிற அதே மரம்.

ஜூன் 30

வந்துவிட்டது. சூட்கேஸைத் திறந்ததும் அண்ணன் தலையில் கை வைத்துவிட்டாராம், "உடைஞ்சு போச்சே, இதுக்கா இவ்வளவு காசு." பிள்ளைதான் சமாதானம் சொல்லியிருக்கிறாள்.

இன்று என் திண்ணையில் வைத்துப் பூட்டினோம். திருகுகளை முதலில் கையால், பழைய மரைக்குள் உட்காரும்வரை பின்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, டக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டதும் முன்பக்கமாக. அப்படிச் செய்யாமல் நேரே அழுத்தித் திருகினால் மரத்தில் புது மரை வெட்டி, கொஞ்ச நாளில் திருகு லொடலொட ஆகிவிடும். அவளையே செய்யச் சொன்னேன். நாலாவது திருகில் அந்தச் சத்தத்தை அவளே கேட்டு, இதுதானே மாமா என்றாள்.

கம்பி 10 செட் (முதல் கம்பி 0.010 அங்குலத் தடிமன்) போட்டேன். ஸ்கேல் குறைந்தால் அதே சுதிக்குக் கம்பி தொய்வாக இருக்கும், 09 போட்டால் அழுத்தும்போதே சுதி ஏறும். பிரிட்ஜை ஆட்டிப் பார்த்து, ஆடுகிறதே, ஃபெவிக்விக் போடவா என்றார் அவள் அப்பா. போட்டுவிடாதீர்கள். மஸ்டாங்கில் அது ஆடத்தான் செய்யும், ட்ரெமலோவை (சுதியை ஏற்றி இறக்குகிற கைப்பிடி) அழுத்தும்போது கம்பியோடு சேர்ந்து சாய்ந்து திரும்ப வரும்படி வைத்தது. அந்த ட்ரெமலோவை அடிக்கடி ஆட்டினால் சுதி நிற்காது, அது இந்த மாடலின் பழைய குணம். கை வைக்காமல் வாசித்தால் தொல்லை இல்லை.

நெக்கைத் திருத்த வேண்டுமென்றால் இதில் ட்ரஸ் ராடின் தலை அடிப்பக்கம் இருக்கிறது, கழற்றினால்தான் எட்டும். அதனால் பூட்டுவதற்கு முன்னாலேயே கால் சுற்று இறுக்கினேன். ஒரு நாளைக்குக் கால் சுற்றுக்கு மேல் எப்போதும் வேண்டாம்.

ஜூலை 3

காலையில் போன். "மாமா, கிட்டார் கெட்டுப்போச்சு, சத்தம் தகரம் மாதிரி வருது." மேலே இரண்டு சறுக்கு ஸ்விட்ச் இருக்கிறது அல்லவா, ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஒன்று. நடுவில் வைத்தால் ஆஃப். ஒரு பக்கம் தள்ளினால் ஆன். எதிர்ப்பக்கம் தள்ளினாலும் ஆன், ஆனால் முனை மாறி. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் ஒன்றின் சத்தத்தை மற்றது தின்றுவிடும், மெலிந்த ஒரு மூக்குச் சத்தம் மிஞ்சும். இரண்டையும் ஒரே பக்கம் தள்ளச் சொன்னேன். சரியாச்சு.

சாயங்காலம் திரும்ப போன். அந்த மூக்குச் சத்தம்தான் நன்றாக இருக்கிறதாம்.

ஜூலை 14

ஆம்ப், அதாவது கிட்டாரின் சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி. இதை ஜாக்கிரதையாகப் படியுங்கள், மற்றதெல்லாம் சுதி விஷயம், இது உயிர் விஷயம்.

பிள்ளையின் தாய்மாமன் அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய ட்யூப் ஆம்ப் அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230. நேரே செருகினால் புகை. இறக்கித் தருகிற ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டாலும், பழைய ஆம்புகளில் பல இரண்டு முள் பிளக், எர்த் கிடையாது. மின்சார லைனுக்கும் ஆம்பின் உலோகச் சட்டத்துக்கும் நடுவே ஒரு கெபாசிட்டர் இருக்கும். அது கெட்டால் மின்சாரம் சட்டம் வழியாக, கேபிள் வழியாக, கிட்டாரின் கம்பிக்கே வரும். அதைச் சாவுக் கெபாசிட்டர் என்று அமெரிக்கர்களே சொல்வார்கள். குவைத்தில் 240 வோல்ட்தான், அங்கே வாங்கிய மூன்று முள் ஆம்ப் என்றால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

கோயில் திருவிழா மேடைகளில் வாசித்தவர்களுக்குத் தெரியும். ஜெனரேட்டர் ஒரு பக்கம், பந்தல்காரர் இழுத்த வயர் ஒரு பக்கம். கிட்டார் ஒரு போர்டில், மைக் செட் வேறு போர்டில். கம்பியில் கை இருக்கும்போது கூடப் பாட மைக்கில் உதடு பட்டதும் சுரீர் என்று ஒன்று, கண்ணுக்குள் வெள்ளையாக ஒரு கோடு. எனக்கு உதட்டில் கொப்புளம் வந்தது. இரண்டு பக்கத்து எர்த்தும் ஒன்றாக இல்லாததுதான் காரணம். கிட்டார் ஆம்பும் மைக் செட்டும் ஒரே போர்டிலிருந்து, உண்மையாகவே எர்த் உள்ள போர்டிலிருந்து எடுக்க வேண்டும். இரைச்சல் போகும் என்று சொல்லி மூன்றாவது முள்ளைப் பிடுங்குகிற ஆளைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். பாடுவதற்கு முன் கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கிற கையின் புறங்கையால் மைக்கை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள், உதட்டால் வேண்டாம்.

கம்பியிலிருந்து கையை எடுத்தால் இரைகிறது, தொட்டால் நிற்கிறது என்றால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அது இயல்பு. தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால்தான் உள்ளே வயரைப் பார்க்க வேண்டும்.

இப்போதைக்கு அவளுக்கு 15 வாட்டில் புதுசாக ஒரு சின்ன ஆம்ப் வாங்கியாச்சு. ஆம்பில் வின்டேஜ் ஆசை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 15

குளச்சல்காரர் கேட்டது: கம்பி ஒரு மாதத்தில் துருப்பிடிக்கிறது. பிடிக்கும். நமக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு, கூடவே கடல் உப்பு. வாசித்து முடித்ததும் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள். பைக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். மழைக்காலத்தில் வெளிச்சுவரில் ஆணி அடித்து மாட்டாதீர்கள், சுவர் ஈரத்தை மரம் குடிக்கும். பிரிட்ஜின் சின்னத் திருகுகளுக்குத் துளி எண்ணெய். ஆரல்வாய்மொழிக்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் காற்றுக்கு நெக் வேறு மாதிரி வளையும்.

ஆகஸ்ட் 18

பிள்ளையிடமிருந்து கேள்வி, இங்கே போடச் சொன்னாள். அத்தை குவைத்திலிருந்து டிஸ்டார்ஷன் பெடல் (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற சின்னப் பெட்டி) ஒன்று அனுப்பியிருக்கிறார், அடாப்டர் இல்லை. வீட்டில் வைஃபை ரவுட்டரின் பழைய 9 வோல்ட் அடாப்டர் கிடக்கிறது, முனையும் பொருந்துகிறது, செருகலாமா?

செருகாதே மக்கா. பெரும்பாலான கிட்டார் பெடலுக்கு நடுமுனை நெகட்டிவ், ரவுட்டர் அடாப்டரில் பொதுவாக நடுமுனை பாசிட்டிவ். பெடலின் பின்னாலும் அடாப்டரின் மேலும் வட்டத்துக்குள் புள்ளி போட்ட ஒரு படம் இருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்கிறதா பார். அதுவரைக்கும் 9 வோல்ட் சதுர பேட்டரி போட்டு வாசி. வாசிக்காத நேரத்தில் கேபிளைப் பெடலிலிருந்து உருவிவிடு, இல்லையென்றால் வாசிக்காமலே பேட்டரி தீர்ந்துகொண்டிருக்கும்.